தீக்காயமும் இழப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறருடைய அலட்சியத்தாலோ பழுதான பொருளாலோ தீக்காயம் பட்டவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் எழுதப்பட்டது இது. சட்டப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு மாறும். காயம் ஆறும் விதமும், தழும்பு இறுகும் காலமும், ஆதாரம் அழியும் வேகமும் எங்கும் ஒன்றுதான். தீக்காய வழக்குகள் பெரும்பாலும் வலுவிழப்பது இரண்டு இடங்களில்: முதல் சில நாள் பதிவுகளில், பிறகு அவசரப்பட்டுப் போடும் கையெழுத்தில். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றியதே.

காயம் பட்டவுடன் என்ன செய்ய வேண்டும்?

ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விடுங்கள். சாதாரணக் குழாய் நீர் போதும். ஐஸ் வேண்டாம், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய தோலையும் சாகடிக்கும். உடனே முடியாவிட்டாலும், காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் நீர் விட்டால் பலன் உண்டு. மோதிரம், வளையல், கடிகாரம், பெல்ட் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றிலும் வெட்டி விடுங்கள். பற்பசை, எண்ணெய், வெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. இவை தொற்றைக் கூட்டும். காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வதையும் கெடுக்கும். பிறகு சுத்தமான பிளாஸ்டிக் உறையைக் காயத்தின் மேல் நீளவாக்கில் போடுங்கள். கை, கால்களைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் வீக்கம் வரும்போது இரத்த ஓட்டம் நின்றுவிடும். குழந்தைக்கோ பெரிய காயத்துக்கோ நீர் விடும்போது உடலின் மற்ற பகுதிகளைப் போர்த்தி வையுங்கள். உடல் சூடு குறைவதும் ஆபத்துதான்.

ரசாயனம் தூளாக இருந்தால், உதாரணமாகச் சுண்ணாம்பு, முதலில் உலர்வாகத் தட்டிவிட்டுப் பிறகு நிறைய நீர் விடுங்கள். ஆசிட், காரம் (காஸ்டிக் சோடா போன்ற ஆல்கலி) பட்ட இடத்துக்கு 20 நிமிடம் போதாது. காரம் திசுவுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், அதனால் இன்னும் நெடுநேரம் கழுவ வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டாக இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தேவைப்படும். எனவே பாட்டிலையோ அதன் லேபிளையோ மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அது பின்னால் ஆதாரமாகவும் ஆகும்.

காயத்தின் பரப்பும் ஆழமும் வழக்குக்கு ஏன் முக்கியம்?

சிகிச்சை, ஊனம், எதிர்காலச் செலவு மூன்றும் இந்த இரண்டு அளவுகளிலிருந்துதான் கிளம்புகின்றன. எரிந்த பரப்பைக் கணக்கிட, பெரியவர்களுக்கு 1951-இல் வாலஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட ஒன்பதின் விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது: தலையும் கழுத்தும் 9%, ஒவ்வொரு கையும் 9%, ஒவ்வொரு காலும் 18%, நடுவுடலின் முன்பக்கம் 18%, பின்பக்கம் 18%, பிறப்புறுப்புப் பகுதி 1%. சிறு குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு வயதுக் குழந்தையின் தலை மட்டுமே ஏறக்குறைய 18% வரும். அதற்கு வயதுக்கேற்பப் பரப்பைக் கணக்கிடும் லண்ட்-பிரவுடர் வரைபடம் உண்டு. குழந்தையின் கேஸ் ஷீட்டில் பெரியவர்களுக்கான விதியால் கணக்கிட்டிருந்தால், தலையில் பட்ட காயம் பாதியாகக் குறைந்து பதிவாகியிருக்கும். இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

வெறும் சிவப்பாக மட்டும் இருக்கும் மேலோட்டக் காயத்தைச் சதவீதத்தில் சேர்ப்பதில்லை. கொப்புளம் போட்டு, தொட்டால் உயிர் போகிற வலி தருவது மேல்நிலைப் பகுதி ஆழக் காயம். பொதுவாக 2 வாரத்தில், கூடிப்போனால் 3 வாரத்தில் ஆறிவிடும். வெளுத்தோ, பதனிட்ட தோல்போல் தடித்தோ, கருகியோ இருந்து, தொட்டால் உணர்வே இல்லாதது முழு ஆழக் காயம். அதற்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படும். வலி குறைவு என்றால் காயமும் லேசானது என்று குடும்பத்தார் நினைப்பதும், எதிர்த்தரப்பு அப்படியே வாதிடுவதும் சகஜம். உண்மை நேர்மாறானது. நரம்பு முனைகள் எரிந்துவிட்டதால்தான் அங்கே வலி இல்லை.

முதல் நாள் மதிப்பீடு இறுதியானது அல்ல. ஆழம் 48 முதல் 72 மணி நேரம் வரை கூடிக்கொண்டே போகலாம். முதல் நாள் சீட்டில் எழுதிய லேசான விவரத்தை மட்டும் வைத்துக் கோரிக்கை வைத்தால் தொகை சுருங்கிவிடும். 3-ஆம் நாளுக்குப் பிந்தைய மறுமதிப்பீடும், அறுவை சிகிச்சைக் குறிப்பும் கையில் இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் எந்தப் பதிவைக் கவனிக்க வேண்டும்?

எப்படி நடந்தது என்று எழுதும் அந்த ஒரு வரியை. வழக்கில் முதலில் வாசிக்கப்படுவது அதுதான். வலிக்கு மார்ஃபின் போட்டிருக்கும்போது நோயாளி அரை மயக்கத்தில் சொன்னதையோ, சம்பவத்தைப் பார்க்காத உறவினர் ஊகமாகச் சொன்னதையோ அவசரப் பிரிவில் எழுதிவிடுவார்கள். ‘சமைக்கும்போது தவறுதலாக’ என்று ஒரு வரி விழுந்துவிட்டால், ரெகுலேட்டர் பழுது என்ற பின்னாளைய வாதத்துக்கு எதிராக அது கடைசிவரை நிற்கும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். தவறாகப் பதிவாகியிருந்தால், நோயாளி தெளிவடைந்தவுடன் தேதி, நேரத்தோடு திருத்தக் குறிப்பு எழுதும்படி மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய வரியை அடிக்கச் சொல்லாதீர்கள். அடித்தல் திருத்தல் சந்தேகத்தை வளர்க்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், திரவம் ஏற்றிய அட்டவணை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, பிசியோதெரபி குறிப்பு எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

மூடிய அறையில் புகை சுவாசித்திருந்தால் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு பார்த்த பரிசோதனையைத் தேடுங்கள். விரலில் மாட்டும் கருவி கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனாகவே கணக்கிட்டு 98, 99 என்று காட்டும். ஆக்சிஜன் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம் இயல்பாக இருப்பதால் நச்சே ஏறவில்லை என்று ஆகிவிடாது. இரத்தம் எடுத்த நேரமும், அதற்கு முன் ஆக்சிஜன் கொடுத்தார்களா என்பதும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

எந்தெந்தப் பொருள்களைப் பாதுகாக்க வேண்டும்?

காயத்துக்குக் காரணமான பொருள்தான் முதல் சாட்சி. ரெகுலேட்டர், ரப்பர் குழாய், அடுப்பு, ஹீட்டர், சார்ஜர், வெடித்த பேட்டரியின் துண்டுகள், எரிந்த பிளக் எதையும் கழுவவோ துடைக்கவோ பிரித்துப் பார்க்கவோ வேண்டாம். அடுப்பின் குமிழும் சிலிண்டரின் வால்வும் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் படம் எடுங்கள். பாதுகாப்புக்காக வால்வை மூட வேண்டியிருந்தால், மூடியவர் யார், எப்போது, எத்தனை சுற்று என்று அப்போதே எழுதி வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து பரவும். அதனால் தரைமட்டத்தில் உள்ள கரி, கதவிடுக்கு, பக்கத்து அறையின் தீப்பொறி மூலம் எல்லாம் ஆய்வாளருக்குத் தேவைப்படும். அடுப்பைச் சுற்றி மட்டும் படம் எடுத்தால் போதாது.

எரிந்த உடைகளை மருத்துவமனையிலேயே குப்பையில் போட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். பெட்ரோல், தின்னர் போன்றவை பட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் முறை வேறு. உலர்த்தினால் ஆவியாகிப் போய்விடும், எனவே உடனே காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியிலோ இறுக மூடும் தகர டப்பாவிலோ அடைத்து மூட வேண்டும்.

பொருள் யாரிடமிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில் போனது என்று ஒரு தாளில் தொடர்ந்து எழுதுங்கள். நிறுவனத்தார் வந்து ‘ஆய்வுக்கு எடுத்துப் போகிறோம்’ என்றால் கொடுத்து அனுப்பாதீர்கள். இரு தரப்பு நிபுணர்களும் உடனிருக்கப் பிரித்துப் பார்க்கலாம் என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். பொருள் அவர்களிடம் போய்ப் பிரிக்கப்பட்டுவிட்டால், பழுது முன்பே இருந்ததா பிரித்ததால் வந்ததா என்பதை அதற்குப் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேமரா பதிவுகள் பல இடங்களில் சில நாள்களிலேயே, அதிகம் போனால் சில வாரங்களில், மேலெழுதப்பட்டுவிடும். கடை, ஹோட்டல், தொழிற்சாலை, அடுக்ககம் எதுவானாலும், குறிப்பிட்ட தேதி, நேரம், கேமராவைச் சொல்லிப் பதிவை அழிக்க வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வக்கீல் பிடிக்கும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

புகைப்படம் எப்படி எடுப்பது?

காயத்தின் படத்தைக் காட்டத் தயங்கி எடுக்காமலே விடுபவர்கள் பலர். ஆறியபின் பார்க்கும் நீதிபதிக்கு அந்த முதல் மூன்று வாரம் தெரியவே தெரியாது. கட்டு மாற்றும்போது மருத்துவமனையின் அனுமதியோடு எடுங்கள்: உடலில் எந்த இடம் என்று தெரிய தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. ஃபிளாஷ் தோலின் நிறத்தை வெளிறச் செய்யும். ஜன்னல் வெளிச்சம் நல்லது. முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில். மூட்டருகே தழும்பு இருந்தால் கையை முழுதாக நீட்டியும் மடக்கியும் எடுங்கள். அழகு கூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு, மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த தேதி விவரமும் போய்விடும்.

யார்மீது கோரிக்கை வைப்பது?

ஒருவர் மேல் மட்டும் வைத்து வழக்கை முடித்துக்கொள்வது பொதுவாக நடக்கும் பிழை. ஒரு ஹீட்டர் வெடித்தால் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர், பொருத்தியவர், பராமரித்தவர், வீட்டு உரிமையாளர் என ஆறு பேர் வரிசையில் நிற்கலாம். ஒவ்வொருவர் மேலும் வைக்கும் வாதம் வேறு. பொருத்தியவர் மேல் அலட்சியம்: கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதை மீறினார், மீறியதால் காயம், காயத்தால் இழப்பு என்று நான்கையும் காட்ட வேண்டும். தயாரிப்பாளர் மேல் பல நாடுகளில் அலட்சியத்தைக் காட்டத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால் காயம் வந்தது என்று காட்டினால் போதும். குறை என்பது வடிவமைப்பிலோ, அந்த ஒரு பொருளின் தயாரிப்பிலோ, எச்சரிக்கை வாசகத்திலோ இருக்கலாம்.

அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு இன்னும் கடுமையான பொறுப்பு உண்டு. 1868-இன் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் தீர்ப்பு, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர் அது வெளியேறினால் பொறுப்பு என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் அதையும் தாண்டி, அப்படிப்பட்ட தொழிற்சாலைக்கு விதிவிலக்கே கிடையாது என்ற முழுப் பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது.

வெந்நீர்க் காயத்துக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும், இங்கே எண்கள்தான் பேசும். மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு முதல் தெரிந்த விஷயம் இது: பெரியவரின் தோலை 60 டிகிரி செல்சியஸ் நீர் ஏறக்குறைய 5 நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும், 54-55 டிகிரிக்கு அரை நிமிடம், 49 டிகிரிக்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது என்பதால் இதைவிடக் குறைந்த நேரமே போதும்.

தங்கும் விடுதி, முதியோர் இல்லம், வாடகை வீடு போன்ற இடங்களில் எதிர்த்தரப்பு சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே: லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டியில் நீரை 60 டிகிரியில் வைத்தே ஆக வேண்டும். அது சரிதான். ஆனால் குழாய்முனையில் அந்தச் சூடு வர வேண்டிய அவசியம் இல்லை. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வைப் பொருத்தினால் தொட்டியில் 60, குழாயில் 50-க்குக் கீழ் என்று வைக்க முடியும். எனவே கேட்க வேண்டிய ஆவணங்கள் இவை: கலப்பு வால்வு இருந்ததா, கடைசியாக எப்போது சோதித்தார்கள், வெப்பநிலைப் பதிவேடு எங்கே. முடிந்தால் அதே வாரத்தில், சாட்சி முன்னிலையில், குழாயைத் திறந்து ஒரு நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து படம் எடுங்கள். தெர்மோஸ்டாட்டை யாராவது குறைத்து வைத்துவிட்டால் அந்த அளவு திரும்பக் கிடைக்காது.

மின்சாரக் காயத்துக்குத் தனிக் கவனம் தேவையா?

ஆம். தோலில் தெரியும் புள்ளி சிறியது. உள்ளே தசையும் நரம்பும் வெந்திருக்கும். பரப்புச் சதவீதத்தை வைத்து இதை அளந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பெரிய அநியாயம் நடக்கும். ஈசிஜி, இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் (தசை சிதைந்தால் கூடும் நொதி), சிறுநீரின் நிறம் (தேநீர் நிறமாக இருந்தால் தசை அழிவு), நரம்புக் கடத்தல் சோதனை இவையே உண்மையான அளவுகோல்கள். மாதங்கள் கழித்தோ ஓரிரு ஆண்டு கழித்தோ கண்புரை வரலாம் என்பதால், ஆரம்பத்திலேயே ஒரு கண் பரிசோதனை செய்து பதிவு வைத்திருந்தால் பின்னால் வந்ததை நிரூபிக்கலாம். சம்பவ இடத்தில் எர்த்திங் அளவு, கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இருந்ததா, மின்கம்பியின் உயரம் எவ்வளவு ஆகியவற்றைச் சரிசெய்யுமுன் அளக்க வேண்டும்.

வேலை செய்யுமிடத்தில் நடந்தால்?

பெரும்பாலான நாடுகளில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. முதலாளியின் தவறை நிரூபிக்காமலே பணம் கிடைக்கும், ஆனால் தொகை அட்டவணைப்படிதான், வலிக்கும் உருக்குலைவுக்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதைப் பெற்றுக்கொண்டால் முதலாளிமேல் தனி வழக்குப் போட முடியாமல் போகலாம். ஆனால் இயந்திரம் செய்த நிறுவனம், வெளி ஒப்பந்ததாரர் போன்ற மூன்றாம் தரப்பார்மேல் போடும் வழக்குக்கு அது பொதுவாகத் தடையல்ல. கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

சிகிச்சையின்போதே சூடு பட்டால்?

அறுவை அரங்கில் மின்கத்தியின் தரைத்தகடு சரியாக ஒட்டாததால் தொடையில் சுடுவது, ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி உலருமுன் கத்தியை இயக்கித் தீப்பிடிப்பது (குறைந்தது 3 நிமிடம் உலர விட வேண்டும், முடி உள்ள இடத்தில் இன்னும் வெகுநேரம்), மரத்துப்போன காலில் சுடுநீர்ப் பை வைப்பது என்று வகைகள் உண்டு. மயக்கத்தில் இருந்த நோயாளியால் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. அதனால் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ‘நிகழ்வே பேசும்’ என்ற கோட்பாட்டின்படி விளக்கம் தரும் பொறுப்பை மருத்துவமனைப் பக்கம் திருப்பும்.

தீக்காயச் சிகிச்சையிலேயே தாமதம் நடப்பதும் உண்டு. பார்க்லேண்ட் சூத்திரப்படி முதல் 24 மணி நேரத்தில் இரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டிய திரவம்: 4 மி.லி. × உடல் எடை கிலோவில் × எரிந்த சதவீதம். 60 கிலோ, 30% என்றால் 7,200 மி.லி.; அதில் பாதி, 3,600 மி.லி., முதல் 8 மணி நேரத்தில். இன்று பல மையங்கள் குறைந்த அளவில் தொடங்கிச் சிறுநீர் அளவைப் பார்த்துக் கூட்டுகின்றன. ஆனால் அந்த 8 மணி நேரம் காயம் பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. கை காலைச் சுற்றி முழுக்கக் கருகியிருந்தால் தோலைக் கீறி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். அது தாமதமானால் உறுப்பையே இழக்க நேரும். இத்தகைய தாமதத்துக்கு மருத்துவமனை பொறுப்பாகலாம். ஆயினும் முதலில் தீக்குக் காரணமான அலட்சியக்காரர் தப்பிவிட மாட்டார்.

என்மேலும் தவறு இருந்தால் கிடைக்காதா?

பெரும்பாலான இடங்களில் தொகை குறையும், கோரிக்கை அழியாது. அதிகம் பேசப்பட்டதும் அதிகம் திரித்துச் சொல்லப்பட்டதும் அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கு. 79 வயதுப் பெண் ஒருவர், நிறுத்தியிருந்த காரில் தன் மடியில் காபியைக் கொட்டிக்கொண்டார். உடலில் 16% காயம், அதில் 6% முழு ஆழம், தோல் ஒட்டு அறுவை சிகிச்சை. காபி 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் பரிமாறப்பட்டது. அதே காபியால் சுட்டதாக நூற்றுக்கணக்கான புகார்கள் ஏற்கெனவே நிறுவனத்துக்கு வந்திருந்தன. 1994-இல் நடுவர் குழு இழப்பை 2 லட்சம் டாலர் என்று கணித்து, அவர் பங்குத் தவறு 20% என்று கழித்து 1,60,000 டாலர் தந்தது. தண்டனைத் தொகையாக விதித்த 27 லட்சம் டாலரை நீதிபதி 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் வெளியிடாத தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன. பாதிக்கப்பட்டவர் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்த வழக்குதான் அது. வென்று தந்தது நிறுவனத்தின் பழைய புகார்ப் பதிவேடு. உங்கள் வழக்கிலும் அதே மாடல் பொருளின் திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் முந்தைய புகார்களையும் தேடச் சொல்லுங்கள்.

எந்தெந்த இனங்களில் தொகை கேட்கலாம்?

மருத்துவமனை பில் எல்லாருக்கும் நினைவில் இருக்கும், விட்டுப்போவது மற்றவை. எதிர்காலச் செலவைச் சுமார் தொகையாகக் கேட்காமல் கணக்காகக் கேளுங்கள். தழும்பு தடிக்காமல் அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையான பிரஷர் கார்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டும், அதனால் துவைத்து மாற்ற எப்போதும் 2 வேண்டும். இழுவை தளர்வதால் ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒரு முறை புதிது. 18 மாதத்துக்கு 6 முறை, மொத்தம் 12 உடைகள். சிலிகான் ஷீட், ஈரப்பதக் களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு, அரிப்புக்கு மருந்து, லேசர் அமர்வுகள், தழும்புச் சுருக்கத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சைகள் எல்லாவற்றையும் இதேபோல் எண்ணிக்கை, இடைவெளி, ஆண்டு என்று பிளாஸ்டிக் சர்ஜனிடம் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் தாயோ மனைவியோ மகனோ பார்த்த பராமரிப்பு இலவசம் என்று விட்டுவிடாதீர்கள். பல நாடுகளின் நீதிமன்றங்கள் அதற்கும் மதிப்பிட்டுத் தருகின்றன. கட்டு மாற்ற 1 மணி நேரம், தழும்பு மசாஜ் 45 நிமிடம், மூட்டுப் பயிற்சி 45 நிமிடம், குளிக்க உண்ண உதவி ஒன்றரை மணி நேரம் என்றால் நாளுக்கு 4 மணி, ஆறு மாதத்துக்கு 720 மணி. அந்த நாள்களிலேயே ஒரு நோட்டில் எழுதினால்தான் நம்புவார்கள்.

அடுத்து வருமானம். ஊனச் சான்றிதழில் 20% என்று இருந்தால் வருமான இழப்பும் 20% என்று எதிர்த்தரப்பு பெருக்கிக் காட்டும். ஆழமாக எரிந்து ஒட்டுப் போட்ட தோலில் வியர்வை சுரப்பது அரிது. எரிந்த பரப்பு பெரிதானால் உடல் சூட்டைத் தணிக்க முடியாது. வெல்டர், சமையல்காரர், கட்டடத் தொழிலாளி, விவசாயி ஆகியோருக்கு அந்த 20% அவர்களுடைய தொழிலையே நிறுத்திவிடலாம். எனவே சான்றில் சதவீதத்தோடு, ‘இந்த நபர் இந்த வேலையை இன்ன வெப்பத்தில் இத்தனை மணி நேரம் செய்ய முடியுமா’ என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். கையில் காயம் என்றால் ஒவ்வொரு விரல் மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடிவலு எவ்வளவு என்ற அளவுகளும் தேவை.

வலி, உருக்குலைவு, உறக்கமின்மை, மன அதிர்ச்சி தனி இனங்கள். தழும்பை ‘பெரிது, அசிங்கமாக உள்ளது’ என்று சொல்வதைவிட, வான்கூவர் தழும்பு அளவுகோலில் நிறம், இரத்த ஓட்டம், நெகிழ்வு, உயரம் நான்கையும் மதிப்பெண்ணிட்டுத் தருவது உறுதியானது. அந்த அளவுகோல் அரிப்பையும் வலியையும் கணக்கில் எடுக்காது. நோயாளியின் மதிப்பீட்டையும் சேர்க்கும் இன்னொரு அளவுகோலையும் கேளுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு மாதக்கணக்கில் நீடிக்கும், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கோரிக்கைகள் ஏராளம். மனநல மருத்துவரிடம் போனதற்கான சீட்டு இல்லாவிட்டால் மன அதிர்ச்சி வெறும் சொல்லாகவே நிற்கும்.

நல்ல தொகை தருகிறோம் என்கிறார்கள். எப்போது ஏற்கலாம்?

தழும்பு முதிர 12 முதல் 18 மாதம், சிலருக்கு 2 ஆண்டும் ஆகும். 3 வாரத்துக்குமேல் எடுத்து ஆறிய காயம் தடித்த தழும்பாகும் வாய்ப்பு அதிகம், அந்தத் தடிப்பு உச்சத்துக்குப் போவதே சில மாதம் கழித்துத்தான். இரண்டாம் மாதத்தில் தட்டையாக, பார்க்க நன்றாக இருந்த தோல் ஆறாம் மாதத்தில் முழங்கையை மடக்கிப் பிடித்துவிடும். முதல் சலுகை பெரும்பாலும் அந்த இரண்டாம் மாதத்தில்தான் வரும். கையெழுத்துப் போட்டால் எதிர்காலக் கோரிக்கைகள் அனைத்தும் அதோடு முடிந்தன.

மருத்துவச் செலவு நெருக்கினால் இடைக்காலத் தொகை கேளுங்கள். நீதிமன்றமும் உத்தரவிட முடியும், காப்பீட்டு நிறுவனமும் தரலாம். ரசீதில் ‘இடைக்காலமாக, உரிமைகளைக் கைவிடாமல்’ என்ற சொற்கள் இருக்கட்டும். சில நாடுகளில், பின்னால் நிலை மோசமானால் மீண்டும் வரலாம் என்ற நிபந்தனையோடு தீர்ப்பு வாங்கலாம். பல்லாண்டு கழித்துப் பழைய தீக்காயத் தழும்பில் புற்று வரும் அரிய நிலை ஒன்றுண்டு, மார்ஜோலின் புண் என்பார்கள். நெடுநாள் ஆறாத தழும்பு உள்ளவருக்கு இந்த நிபந்தனை பொருத்தமானது.

குழந்தை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். உடல் வளரும், தழும்பு வளராது. 4 வயதில் அக்குளில் பட்ட காயத்துக்கு வளர்ச்சி நிற்கும்வரை பல முறை விடுவிப்பு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பெண் குழந்தையின் மார்பில் பட்டிருந்தால் பருவ வயதில் வரும் தேவையை இப்போதே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

காலவரம்பு எவ்வளவு?

சமரசத்தைத் தள்ளிப்போடலாம், வழக்கைத் தள்ளிப்போட முடியாது. இங்கிலாந்தில் உடல் காயத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பல இடங்களில் 2 அல்லது 3. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. அரசு அமைப்பின்மேல் என்றால் சில இடங்களில் 6 மாதத்துக்குள்ளேயே எழுத்தில் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். குழந்தைகளுக்குப் பல நாடுகளில் 18 வயதிலிருந்துதான் காலம் ஓடும், ஆனால் அதுவரை ஆதாரம் காத்திருக்காது. தயாரிப்பாளர்மேல் பொருள் சந்தைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டு என்ற இறுதி வரம்பு ஐரோப்பாவில் வழக்கமானது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பது பல நாடுகளில் காலத்தை நிறுத்தாது. ‘பேசி முடித்துவிடலாம்’ என்று கடைசி வாரம்வரை இழுத்துப் பிறகு போனை எடுக்காமல் போவது நடக்கிறது. முன்கூட்டியே வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.

காப்பீட்டு ஆள் மருத்துவமனைக்கே வந்து வாக்குமூலம் கேட்கிறார். கொடுக்கலாமா?

எதிர்த்தரப்பின் ஆள் என்றால் வேண்டாம். பெயரும் தொடர்பு முகவரியும் போதும். உங்களுடைய சொந்தக் காப்பீடு என்றால் ஒத்துழைக்கும் கடமை உண்டு, மருந்து மயக்கம் தெளிந்தபின், எழுத்தில். எல்லா மருத்துவ ஆவணத்தையும் பார்க்க வெற்று அனுமதித் தாளில் கையெழுத்துக் கேட்டால், காயம் தொடர்பான ஆவணம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று எழுதிக் கட்டுப்படுத்துங்கள். வழக்கு முடியும்வரை ஃபேஸ்புக்கில் கல்யாண வீட்டுப் படம்கூடப் போடாதீர்கள். நீட்டிய கையும் சிரித்த முகமும் உள்ள ஒரு படத்தை வைத்து ஊனமில்லை என்று வாதிடுவார்கள்.

வேண்டுமென்றே தீ வைத்தார், ஆசிட் வீசினார் என்றால்?

குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டுக் கோரிக்கை வேறு. ஒன்று முடியும்வரை இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை. குற்றவாளியிடம் பணம் இல்லாதபோது அரசின் பாதிக்கப்பட்டோர் நிதியே வழி. இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல், ஆசிட் வீச்சுக்கு ஆளானவருக்கு மாநில அரசு குறைந்தது 3 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள் என்று உத்தரவிட்டது. இத்தகைய நிதிகளுக்குத் தனி விண்ணப்பமும் தனிக் கெடுவும் உண்டு. காவல் புகாரின் நகல் இல்லாமல் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். வீட்டுக்குள் இருப்பவரே செய்திருந்தால், அவர் இல்லாத இடத்தில் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள்.

வக்கீலிடம் முதல் சந்திப்பில் என்ன கேட்க வேண்டும்?

தீக்காய வழக்கு நடத்தியிருக்கிறாரா, எந்தத் துறை நிபுணரை (தீ ஆய்வாளர், மின் பொறியாளர், பிளாஸ்டிக் சர்ஜன்) அழைப்பார், அந்தச் செலவை யார் முன்பணமாகத் தருவது, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு நம் தலையில் விழுமா. வென்றால் பங்கு என்ற கட்டண முறை அமெரிக்காவில் சாதாரணம், இந்தியாவில் வக்கீல்களுக்குத் தடை. எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். முதல் சந்திப்பிலேயே காலவரம்பு முடியும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லத் தயங்குபவரிடம் கோப்பை ஒப்படைக்க வேண்டாம்.

பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால்?

இரண்டு கோரிக்கைகள் உருவாகும். ஒன்று, அவரை நம்பி வாழ்ந்தவர்களின் இழப்பு. மற்றொன்று, காயத்துக்கும் மரணத்துக்கும் இடையே அவர் பட்ட வேதனையும் செலவும். பல நாடுகளில் அது வாரிசுகளுக்குச் சேரும். தீக்காயத்தில் அந்த இடைவெளி வாரக்கணக்கில் நீளலாம், ஆகவே நர்ஸ் குறிப்புகளில் உள்ள வலி அளவும், நினைவோடு இருந்த நாள்களும் முக்கியம். கிருமித் தொற்றால் இறந்தால் ‘தீயால் அல்ல’ என்ற வாதம் வரும். தோல் என்ற தடுப்பு போனதால் வந்த தொற்று தீக்காயத்தின் விளைவே என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காரணச் சங்கிலி முழுதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைக்குக் கிடைத்த தொகையைப் பெற்றோர் எடுத்துச் செலவிடலாமா?

பொதுவாக நீதிமன்ற அனுமதியோடுதான். தொகை குழந்தையின் பெயரில் வைப்பாக இருக்கும். அறுவை சிகிச்சை, பிரஷர் கார்மென்ட், படிப்பு எதற்கானாலும் மதிப்பீட்டுச் சீட்டோடு மனுப் போட்டு எடுக்கலாம். சமரசத்தின்போதே, ஒரே தொகைக்குப் பதிலாக அறுவை சிகிச்சை வர வாய்ப்புள்ள வயதுகளில் தவணையாக வரும்படியும் கேட்கலாம். அந்த அட்டவணையைப் பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய சிகிச்சைத் திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டபின் கையெழுத்திடுங்கள்.